பத்தாம் நாளுக்குப் பிறகும் ஒழுகும் மூக்கு

தலை வாரிவிடும்போதுதான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். மகளின் மூக்கு நுனிக்குச் சற்று மேலே, எலும்பு முடிந்து மென்மையான பகுதி தொடங்குகிற இடத்தில், குறுக்காக ஒரு மெல்லிய கோடு. பென்சிலால் இழுத்தது போல இருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன், போகவில்லை. விரலால் தடவியபோது தோலில் ஒரு மடிப்பு தட்டுப்பட்டது. பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் இரட்டைச் சடை போட்டு அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்து மருத்துவர் அதே கோட்டைத் தொட்டுக் காட்டி, "இது எத்தனை நாளாக இருக்கிறதம்மா?" என்று கேட்டபோதுதான் அதற்கு ஒரு பொருள் உண்டு என்று தெரிந்தது.

மூக்கு அரிக்கிற குழந்தை உள்ளங்கையை மூக்கின் அடியில் வைத்து மேல்நோக்கித் தேய்க்கும். ஒரு நாளில் எத்தனை முறை என்று நாம் எண்ணுவதில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அப்படித் தேய்த்துத் தேய்த்து விழுகிற மடிப்பு அது. என் கண்ணெதிரே அவள் அப்படித் தேய்த்துக்கொண்டேதான் இருந்தாள். நானும் "கையை எடு, கைக்குட்டையால் துடை" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

நடந்தது இதுதான். தீபாவளிக்கு மறுவாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐப்பசி மழை பிடித்திருந்த நாள்கள். கோயம்புத்தூரில் அந்த நேரத்தில் துணி காயாது, சுவர் வியர்க்கும். மூன்று நாள் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி என்று சுருண்டு கிடந்தாள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. தண்ணீராக ஒழுகிய மூக்கு கெட்டியாகி, மஞ்சளாகி, பத்து நாளுக்குள் அடங்கியது. பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கு ஆண்டில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்புதான். சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன; ஒன்று வந்து போனால் இன்னொன்றுக்குத் தடை இல்லை. அதனால் பெரிதாகக் கவலைப்படவில்லை.

அடுத்த வாரம் மூக்கு மறுபடியும் ஒழுகத் தொடங்கியது. இந்த முறை காய்ச்சல் இல்லை, தொண்டை வலி இல்லை. காலையில் படுக்கையை விட்டு எழும்போதே அடுக்குத் தும்மல். ஒரு நாள் எண்ணினேன், பதினொன்று. மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் போல ஒழுகும். குளித்துச் சீருடை போடுவதற்குள் ஓரளவு நிற்கும். மதியம் பள்ளியில் சரியாக இருப்பாள். இரவு படுத்ததும் மூக்கு அடைத்துக்கொள்ளும். வாயைத் திறந்தபடி தூங்குவாள். விடியும்போது உதடு வெடித்துக் காய்ந்திருக்கும், தலையணையில் எச்சில் கறை இருக்கும்.

நாங்கள் எல்லோரும் சொன்னது ஒரே வாக்கியம்: "சளி விடவே மாட்டேன் என்கிறது."

இந்த வாக்கியத்தைப் பற்றி நான் நிறைய யோசித்துவிட்டேன். நம் பேச்சில் சளி என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் பொறுப்பு. கிருமித் தொற்றும் சளிதான், நெஞ்சில் கட்டுகிற கோழையும் சளிதான், ஒவ்வாமையில் ஒழுகுகிற தண்ணீரும் சளிதான். நீர் கோத்துக்கொண்டது என்கிறோம், பீனிசம் என்கிறோம். அவையும் கடைசியில் சளிக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றாகவே இருந்தது. சளிக்கு வைத்தியம் பார்த்தோம். சளி அந்தப் பத்தாம் நாளே போய்விட்டிருந்தது. அதன் பிறகு ஐந்து வாரம் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஃப்ரிட்ஜின் மேல் மருந்துப் புட்டிகள் வரிசை கட்டின. முதலில் வீட்டில் மிச்சமிருந்த சளி மருந்து. பிறகு பக்கத்து மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. பிறகு ஒரு மருத்துவமனையில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக். வைரஸையும் ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது, ஒவ்வாமையையும் ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கிறது என்பது மட்டுமே அதைக் கொடுப்பதற்குக் காரணமும் ஆகாது. எதிர்ப்பணுக்கள் வந்து சேர்ந்தாலே நிறம் மாறிவிடும். பத்து நாளுக்கு மேல் சற்றும் குறையாத கெட்டிச் சளியும் இருமலும், அல்லது நன்றாகி வரும்போது திடீரென்று மீண்டும் காய்ச்சலோடு கூடுவது, அல்லது தொடக்கத்திலேயே கடும் காய்ச்சலோடு மூன்று நான்கு நாள் சீழ் போல ஒழுகுவது என்றால் சைனஸில் பாக்டீரியா சேர்ந்திருக்கலாம். அப்போதுதான் ஆன்டிபயாடிக் பற்றி மருத்துவர் யோசிக்க வேண்டியிருக்கும். என் மகளுக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை.

பழைய வகைச் சளி மருந்து கொடுத்த நாள்களில் மூக்கு கொஞ்சம் காய்ந்தது உண்மை. அதில் இருந்த குளோர்பெனிரமின் தூக்கத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியை நோட்டில் எழுதி அனுப்பினார்: "பாப்பா வகுப்பில் தூங்கிவிடுகிறாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை." தூங்கியது மருந்தால். திரும்பிப் பார்க்காததற்கு வேறு காரணம் இருந்தது, பிறகு சொல்கிறேன்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், அக்டோபரில், மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தி வந்தது. 2025-இல் நடந்தது, பலருக்கும் நினைவிருக்கும். இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள். மருந்தில் இருந்தது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்துகளைக் கொடுக்கவே கூடாது என்றும், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாக வேண்டாம் என்றும் மத்திய அரசு அப்போது அறிவுறுத்தியது. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், குளோர்பெனிரமினும், மூக்கடைப்பைக் குறைக்கும் பினைலெப்ரினும் கலந்த மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று புட்டியிலேயே அச்சிடச் சொல்லியிருந்தது மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. நான் இதையெல்லாம் நாளிதழில் மறுபடியும் ஒரு நாள் படித்துவிட்டு எழுந்து போய் ஃப்ரிட்ஜின் மேலிருந்த புட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். என் மகளுக்கு ஆறு வயது. தடை அவளுக்குப் பொருந்தாது. இருந்தாலும் எதற்காகக் கொடுக்கிறேன் என்று தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்து வந்தது, ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் தருகிற மான்டிலுகாஸ்டும், ஒவ்வாமைக்குத் தருகிற லிவோசிட்ரிசினும் சேர்ந்த மருந்து. ஒழுகும் மூக்கோடு போகிற எத்தனையோ குழந்தைகளுக்கு இதுதான் எழுதித் தரப்படுகிறது. நான்காம் இரவு இரண்டு மணிக்கு மகள் வீறிட்டு எழுந்தாள். கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. ஐந்தாம் இரவும் அப்படியே. கெட்ட கனவு, திருஷ்டி என்று அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். ஆறாம் நாள் மருந்தை நிறுத்தினோம். அதன் பிறகு வீறிடவில்லை. மான்டிலுகாஸ்ட் சில குழந்தைகளுக்குத் தூக்கத்தையும் மனநிலையையும் குலைக்கக்கூடும் என்பதால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போடச் சொன்னது. வெறும் மூக்கு ஒவ்வாமைக்கு மற்ற மருந்துகள் பலிக்காதபோது மட்டும் இதைப் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இது தேவைப்படலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுதித் தரும்போது, "இரவில் பிள்ளை எப்படித் தூங்குகிறது என்று பாருங்கள், மாற்றம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள்" என்ற ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? இதைப் படிக்கும் மருத்துவர்கள் யாராவது இருந்தால், கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், அந்த வரியைச் சொல்லுங்கள்.

கார்த்திகை பிறந்து மூன்று வாரம் ஆன பிறகு, ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். வயதானவர். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்ப்பதற்கு முன்பே பத்து நிமிடம் கேள்விகள்தான் கேட்டார். காய்ச்சல் உண்டா? மூக்கு அரிக்கிறதா, கண் அரிக்கிறதா, நாக்கால் மேல்வாயைச் சொறிந்து ஒரு சத்தம் எழுப்புகிறாளா? காலையில் அதிகமா, மாலையிலா? குழந்தையாக இருந்தபோது கன்னத்தில், முழங்கை மடிப்பில் கரப்பான் என்கிற அரிப்புப் படை வந்ததா? வீட்டில் யாருக்காவது இளைப்பு உண்டா? ஓடினால் மூச்சு வாங்குகிறதா, இரவில் இருமுகிறாளா? அந்த நாக்குச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "க்ளக், க்ளக்" என்று அவள் செய்கிற அந்தச் சத்தத்தை விளையாட்டு என்று நினைத்து அதட்டியிருக்கிறேன்.

பிறகு விளக்கை அடித்து, என்னையும் அருகே வந்து பார்க்கச் சொன்னார். மூக்கின் உட்சுவரிலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சதை வெளுத்து, லேசாக நீலம் பாய்ந்து, தண்ணீரில் ஊறிய பஞ்சு போல உப்பியிருந்தது. "சளி பிடித்த மூக்கு உள்ளே சிவந்திருக்கும். இது வெளுத்திருக்கிறது பாருங்கள்" என்றார். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையமும் தூக்கக் குறைவால் வந்ததில்லை. மூக்கடைப்பால் அங்குள்ள சிறு நாளங்களில் இரத்தம் தேங்குவதால் வருவது. காதைப் பார்த்தார். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் வீங்கி அடைத்துக்கொண்டால் அப்படி ஆகும். காது கொஞ்சம் மந்தமாகும். ஆசிரியை கூப்பிட்டும் திரும்பாததற்கு அதுதான் காரணம். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும், பார்த்துக்கொள்வோம் என்றார்.

சளியிலிருந்து இது எப்படித் தொடங்கியது என்று கேட்டேன். அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒவ்வாமை அவளிடம் முன்பே இருந்திருக்கிறது. சாதாரண நாளில் மூக்கின் உள்தோல் தூசியைப் பிடித்து, மயிரிழை போன்ற நுண்ணிய இழைகளால் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். வைரஸ் வந்து போன பிறகு அந்த இழைகளும் தோலும் பழையபடி ஆக சில வாரங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் வழக்கமான தூசியே நேராக உறைக்கிறது. ஒவ்வாமை உள்ள உடம்பில் அந்தத் தூசிக்கென்று உருவாகியிருக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் சில அணுக்களின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். தூசி பட்டதும் அந்த அணுக்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். சில நிமிடங்களில் அரிப்பு, தும்மல், ஒழுக்கு. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாம் அலையாக வீக்கமும் அடைப்பும் வரும். தினமும் பட்டுக்கொண்டே இருந்தால் வரவரக் குறைந்த தூசிக்கே மூக்கு சீறும். சளி வாசலைத் திறந்து வைத்தது, உள்ளே வந்து தங்கியது வேறு. ஒவ்வாமையைக் குறிக்கும் 'அலர்ஜி' என்ற சொல்லை 1906-இல் உருவாக்கிய கிளெமென்ஸ் வான் பிர்கே வியன்னாவின் ஒரு குழந்தை மருத்துவர் என்று படித்தபோது, ஏனோ மனதுக்கு நெருக்கமாக இருந்தது.

மருந்தாக எழுதித் தந்தது மூன்றுதான். உப்பு நீர் ஸ்பிரே, தூக்கம் அதிகம் தராத புதுவகை ஒவ்வாமை மருந்து சில நாளுக்கு, தினமும் மூக்கில் அடிக்க மொமெட்டசோன் ஸ்பிரே. கடைசியாகச் சொன்னது ஸ்டீராய்டு.

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கணவர் முகம் மாறியது. "ஆறு வயதுக் குழந்தைக்கு ஸ்டீராய்டா?" வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் பெட்டியைப் பிரிக்கவில்லை. என்னவென்று தெரியாத கலவைகளைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தபோது வராத பயம் இந்த ஒரு சொல்லுக்கு வந்தது. மறுபடியும் மருத்துவரைக் கேட்டோம். ஒரு முறை அழுத்தினால் வருவது 50 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு. அதில் இரத்தத்தில் போய்ச் சேர்வது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. விழுங்கும் மாத்திரையோடு இதை ஒப்பிடக் கூடாது. இதே வகை ஸ்பிரேக்களில் சில இரண்டு வயதிலிருந்தே தரக்கூடியவை, சில நான்கு அல்லது ஆறு வயதுக்கு மேல். நீண்ட நாள் தொடர்ந்தால் சில குழந்தைகளுக்கு உயரம் கூடும் வேகம் சிறிதளவு குறையக்கூடும் என்பதால், குறைந்த அளவில் வைத்து, வரும்போதெல்லாம் உயரம் அளப்பேன் என்றார். மறைக்காமல் அவர் இதைச் சொன்னதால்தான் எங்களுக்குத் துணிவு வந்தது.

ஸ்பிரே அடிப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. அது தெரியாமல், "நாங்களும் அடித்துப் பார்த்தோம், ஒன்றும் கேட்கவில்லை" என்று கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். முதலில் மூக்கைச் சிந்த வேண்டும். உப்பு நீர் அடித்துச் சிறிது நேரம் விட்டு மறுபடியும் சிந்த வேண்டும். தலை அண்ணாந்திருக்கக் கூடாது. புத்தகம் படிப்பது போல லேசாகக் குனிந்திருக்க வேண்டும். வலது நாசிக்கு இடது கை, இடது நாசிக்கு வலது கை. அப்போதுதான் முனை நடுத்தடுப்பை விட்டு விலகி, அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளிமுனையை நோக்கிச் சாயும். நடுத்தடுப்பிலேயே தினமும் அடித்தால் புண்ணாகி இரத்தம் வரும். அழுத்தும்போது பூ மோந்து பார்ப்பது போல மெல்ல மூச்சிழுக்க வேண்டும். உறிஞ்சக் கூடாது, உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும், கசக்கும், மறுநாள் பிள்ளை வாயை மூடிக்கொண்டு ஓடும். நான் முதல் மூன்று நாள் தவறாகவே அடித்தேன். அவள் மூக்கிலிருந்து ஒரு பொட்டு இரத்தம் வந்தது, பயந்து கை நடுங்கிவிட்டது. பிறகு கண்ணாடி முன்னால் அவளை நிறுத்தி, அவள் பின்னால் நான் நின்று அடிக்கத் தொடங்கினேன். முனை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணாடியில் இருவருக்கும் தெரியும். "பூ மோந்து பார்" என்று நான் சொல்வேன். "என்ன பூ?" என்று கேட்பாள். தினமும் ஒரு பூவின் பெயர் சொல்ல வேண்டும். மல்லிகை, மரிக்கொழுந்து, செண்பகம், தாழம்பூ என்று ஒரு சுற்று முடிந்து இப்போது மறுசுற்று ஓடுகிறது.

முதல் வாரம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இது அடித்ததும் மூக்கைத் திறக்கிற மருந்து இல்லை. வீக்கத்தை நாள்கணக்கில் மெல்ல வற்ற வைப்பது. அடித்தவுடன் திறந்துவிடும் சொட்டு மருந்துகள் தனி, ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் போன்றவை. அவற்றை மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். சொட்டு விடாமல் மூச்சுவிட முடியாத நிலைக்குப் பெரியவர்களே ஆளாகிவிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் குழம்பிவிடாதீர்கள். இரண்டாம் வாரம் ஒரு நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன். வாய் மூடியிருந்தது. மூக்கால் மூச்சு போய் வந்துகொண்டிருந்தது. மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் காலைத் தும்மல் முழுவதும் நிற்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த காலிமனை முழுக்கப் பார்த்தீனியம் என்ற களைச்செடி. அதன் பூந்தூள்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்பினேன்; அந்தப் பக்கத்து ஜன்னலை மூடியே வைத்தேன். தை மாதம் தோல் பரிசோதனை செய்தார்கள். ஒவ்வாமை மருந்தை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். முன்கையில் வரிசையாகச் சொட்டுகள் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசிமுனையால் லேசாக ஒரு கீறல். இரத்தம் வராது. பதினைந்து நிமிடம் கையை நீட்டி வைத்திருக்க வேண்டும். பார்த்தீனியம் வைத்த இடத்தில் ஒன்றுமில்லை. தூசுப் பூச்சி வைத்த இரண்டு இடங்களும் கொசு கடித்தது போலத் தடித்து, சுற்றிலும் சிவந்து வந்தன. மகள் கையைச் சொறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியில் தேடியது படுக்கையில் இருந்தது. தூசுப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிர்கிற தோல் செதிலைத் தின்று வாழ்கிறது. தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொள்ளும். அதனால் மழைக்காலத்தில் பெருகும். அதன் எச்சத்தில் உள்ள புரதம்தான் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. வீட்டுத் தூசு ஒவ்வாமைக்கு இந்தப் பூச்சியே காரணம் என்று 1964-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

மகள் படுப்பது இலவம்பஞ்சு மெத்தையில். அவள் பிறந்தபோது பொள்ளாச்சியிலிருந்து என் அம்மா சீராகக் கொண்டுவந்தது. போடியிலிருந்து பஞ்சு வரவழைத்து, அம்மாவே உடனிருந்து தைக்க வைத்தது. சிறு பூப்போட்ட நீலத்துணி. ஆறு ஆண்டுகளாக அதில்தான் படுக்கிறாள். அதில்தான் காய்ச்சலில் கிடந்தாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே பரிசோதனைத் தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெத்தையைச் சுருட்டி மாடிக்குத் தூக்கிப் போகச் சொன்னார். உச்சி வெயிலில் விரித்து, பிரம்பால் அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் வெயிலில் பொன் துகளாகத் தூசி எழுந்து நின்றது. வெயிலில் காய்ந்தால் பூச்சி பெரும்பாலும் செத்துவிடும், ஆனால் எச்சம் உள்ளேயே தங்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். பிரம்பைக் கீழே வைத்தார். "அப்படியானால் வேண்டாம் கண்ணு. பிள்ளைக்கு ஆகாதது எனக்கு எதற்கு?" என்றார். நீலத்துணியை மட்டும் பிரித்தெடுத்துத் துவைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

இப்போது அவள் படுக்கை புதியது, நெருக்கமாக நெய்த உறையால் முழுவதும் மூடி ஜிப் போட்டது. தலையணைக்கும் அப்படியே. விரிப்பையும் போர்வையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன். வெறும் தண்ணீரில் துவைத்தால் பூச்சி பிழைத்துக்கொள்ளும். கட்டிலில் குவிந்திருந்த பொம்மைகளில் ஒரே ஒரு கரடிக்கு அனுமதி. அதுவும் வாரா வாரம் குளிக்கும். மின்விசிறி இறக்கையை ஈரத் துணியால் துடைப்பதும், வீட்டைப் பெருக்குவதற்குப் பதில் ஈரத்தில் துடைப்பதும் அவள் பள்ளியில் இருக்கும்போது நடக்கிறது. கொசுவர்த்திச் சுருளை நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டிவிட்டோம். தலைக்குக் குளித்ததும் சாம்பிராணி போடுவதை அம்மா தானாகவே விட்டுவிட்டார். புகை ஒவ்வாமையை உண்டாக்குவதில்லை, ஆனால் ஏற்கெனவே புண்பட்டிருக்கிற மூக்கைக் குத்திக் கிளறும்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் அதை முழுவதும் ஒதுக்கிவிடச் சொல்பவள் இல்லை நான். சுக்குத் தண்ணீரோ கற்பூரவள்ளிச் சாறோ தொண்டைக்கு இதமாக இருக்கும், ஒவ்வாமையை நிறுத்தாது. அவ்வளவு தெரிந்துகொண்டு கொடுக்கலாம். ஆவி பிடிப்பது வேறு. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வைக்குள் பிள்ளையை உட்காரவைப்பது ஆபத்து. பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வருகிற குழந்தைகள் தீக்காயப் பிரிவுகளில் உண்டு. பச்சைக் கற்பூரம் கலந்த எண்ணெயைக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டாம், கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரக்கூடும். மூக்கில் எண்ணெய் விடவே கூடாது; மூச்சுப் பாதையில் இறங்கி நுரையீரலில் தங்கிவிடும். மூக்கைக் கழுவ உப்பு நீரை வீட்டிலேயே கலப்பவர்கள் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை மட்டும் எடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024-லும் 2025-லும் அமீபா மூளைக்காய்ச்சல் வந்தது நினைவிருக்கும். தண்ணீரில் வாழும் அந்தக் கிருமி மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது.

பிள்ளையின் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது, கூடவே இரவில் இருமல், ஓடினால் இளைப்பு, மூச்சில் விசில் சத்தம் என்றால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரு முனைகள். மூக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு ஆஸ்துமாவும் இருக்கும். ஒரே ஒரு நாசியில் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால் அது சளியுமல்ல, ஒவ்வாமையுமல்ல. பெரும்பாலும் பிள்ளை எதையோ உள்ளே திணித்து வைத்திருக்கும்.

மாசியில் அவளுக்கு மறுபடியும் சளி பிடித்தது. காய்ச்சல், தொண்டை வலி எல்லாம் அதே வரிசையில் வந்தன. இந்த முறை நாள்காட்டியில் குறித்துக்கொண்டே வந்தேன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், உப்பு நீர், வழக்கமான ஸ்பிரே, வேறு எதுவும் இல்லை. ஒன்பதாம் நாள் மூக்கு காய்ந்தது. பத்தாம் நாள், பதினொன்றாம் நாள், பதினைந்தாம் நாள் என்று நான் தும்மலுக்காகக் காத்திருந்தேன். இருபதாம் நாள் இரண்டு தும்மல் தும்மினாள். அது நான் அவள் எதிரே மிளகாய் வறுத்ததற்கு.

காதில் இருந்த நீர் வற்றிவிட்டது. மூக்கின் மேல் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு. பூச்சியின் சாரத்தையே சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்குகிற சிகிச்சை ஒன்று இருக்கிறது, மூன்று ஆண்டு தொடர வேண்டியது. அடுத்த ஐப்பசியில் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சென்ற மாதம் போனபோது சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார். மார்கழியில் அளந்ததைவிட இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார்.